மதிப்பிற்குரிய மின்தூக்கி அவர்களே

"கடவுள் உனக்கு எதுக்குடி வாயக் குடுத்தாரு? கொட்டாவி விடவா?"

மோனிக்காவிடம் அவள் அம்மா அமலம்மாள் இப்படிக் கேட்டது செரோஜா பிளாட்டின் ஏழாம் மாடிப் படிக்கட்டில் வைத்து. கேட்டவர் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மோனிக்கா அம்மாவின் கைத்தடியையும் கைப்பையையும் ஏந்தியபடி, மாதா சப்பரத்துக்குப் பின்னால் மெழுகுவத்தி பிடித்து வருகிறவளைப் போலத் தலையைக் குனிந்து வந்தாள்.

அமலம்மாளின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. சமதரையில் தடியூன்றி நடப்பார். படி என்றால் முடியாது. வீடோ பன்னிரண்டாம் மாடியில். சீனப் பெருநாளுக்கு மறுநாள் மின்தூக்கி நின்றுபோனது. பக்கத்தில் இருந்த இன்னொரு மின்தூக்கி அதற்கும் முன்பே செத்து, அதன் வாசலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அமலம்மாள் கீழே வருவது மருத்துவமனைக்கு மட்டும்தான். அதுவும் பலமுள்ள நான்கு ஆண்கள் ஒரே நாளில் வீட்டில் இருந்தால்.

"அம்மா, கொஞ்சம் ஆடாம ஒக்காருங்க லா," என்றார் முன்கால் பிடித்திருந்த பத்தாம் மாடி தயாளன். "என் கால் வழுக்குச்சுன்னா நாம ரெண்டு பேரும் நேரா மோட்சம்தான்."

"நான் மோட்சந்தான். நீ எங்க போவேன்னு எனக்குத் தெரியாது. ஏய் மோனிக்கா, அந்தச் சேர்மேன்கிட்ட போய் ஒரு வார்த்த கேட்டியா? சௌரஸ்தா பாசார்ல முப்பது வருசம் தேங்கா வித்தவ நான். நான் கூப்பிட்டா ரோட்டுல போற பஸ் நிக்கும். எனக்குப் போயி இப்படி ஒண்ணு பொறந்திருக்கு பாரு!"

மோனிக்கா கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மூன்றாம் படிவத்தில் வாய்மொழித் தேர்வு என்று அறிவித்த அன்று பள்ளியைவிட்டுக் கிளம்பியவள் அவள், திரும்பிப் போகவேயில்லை. இப்போது ஜெலுத்தோங்கில் ஒரு டோபிக் கடையில் வேலை. அங்கே இரைச்சலையெல்லாம் துணி துவைக்கும் இயந்திரங்களே போட்டுவிடுவதால் யாரும் அவளிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை.

"சூலையில அன்னம்மா திருநா வருது," என்றார் அமலம்மாள், ஐந்தாம் மாடித் திருப்பத்தில். "புக்கிட் மெர்தாஜாமுக்கு நான் போகாத வருசமே கெடையாது. கோவிட்டுக்குக்கூட டிவிக்கு முன்னாடி முக்காடு போட்டு ஒக்காந்தேன். ஆனா இந்தச் சேர்ல ஏறிப் போக மாட்டேன், சொல்லிட்டேன். சாமியப் பாக்கப் போறவ சாமி மாதிரி போகக் கூடாது."

அதனால்தான் மறுநாள் மோனிக்கா, பிளாட்டின் நிர்வாகக் குழுத் தலைவரும் டத்தோ பட்டம் பெற்றவருமான மோகனராஜின் வீட்டு கேட்டின் முன் நின்றாள். தலைவர் செரோஜா பிளாட்டில் குடியிருக்கவில்லை. தஞ்சோங் பூங்கா என்ற வசதியான பகுதியில், படியே இல்லாத தரைவீட்டில் இருந்தார்.

"என்னம்மா?"

மோனிக்கா வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நான்கு வாக்கியங்களும் தொண்டையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. கடைசியில் ஒரே ஒரு சொல் மட்டும் பிதுங்கி வெளியே வந்தது.

"லிப்ட்."

டத்தோ மகிழ்ந்துபோனார். "பாத்தியா! இதான் நம்ம சமுதாயத்தோட பிரச்சன. லிப்ட் கெட்டுப்போனது ஒரு பிரச்சனையே இல்ல. லிப்ட் கெட்டுப்போச்சுன்னு முறையா எடுத்துச் சொல்ல ஆள் இல்ல பாரு, அதான் பிரச்சன. நீ நம்ம மன்றத்துல சேரும்மா. எட்டே வாரம். பட்டமளிப்புக்கு வீடமைப்பு ஆபீஸ்லேருந்து புவான் நூருல் வர்றாங்க. லிப்ட் சமாச்சாரமெல்லாம் அவங்க கையில. அன்னைக்கு ஒவ்வொரு மாணவருக்கும் மூணு நிமிசம். நீயே நேருக்கு நேர் நின்னு கேளு. நான் குறுக்கவே நிக்க மாட்டேன்."

மன்றத்தின் பெயர் நாநய மன்றம். நாவுக்கு நயமும் வேண்டும், அறமும் வேண்டும் என்று டத்தோ யோசித்துச் சூட்டிய பெயர். லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை எழுதியவர் படித்த மனிதர். டத்தோ எழுத்துப்பிழை செய்துவிட்டதாக நினைத்து, அவர் மானத்தைக் காப்பாற்ற, 'நாணய மன்றம்' என்று திருத்தி எழுதிவிட்டார். அன்றுமுதல் தமிழ்நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் ரூபாய் மாற்றப் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். டத்தோ அவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. உட்காரவைத்து ஒரு வரவேற்புரை ஆற்றித்தான் அனுப்புவார். மன்றத்தின் ஆண்டறிக்கையில் அவர்களும் 'பயன்பெற்றோர்' என்ற தலைப்பின்கீழ் வந்தார்கள்.

பயிற்சியின் பெயர் 'பொதுப்பேச்சு: அடிப்படையும் அறமும்'. நடத்தியவர் சொல்லரசி குணவதி. அந்தப் பட்டத்தை அவருக்கு மன்றம் கொடுத்தது. பட்டக்குழுவின் தலைவரும் அவரே என்பதால் தேர்வு ஒருமனதாக அமைந்தது.

முதல் வாரம் முழுவதும் நாற்காலியிலிருந்து எழுவதில் போனது. எழுந்ததும் பேசிவிடக் கூடாது. சேலையை அல்லது சட்டையைச் சரிசெய்ய வேண்டும். கூட்டத்தை இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும். மைக்கை விரலால் தட்ட வேண்டும். மைக் நன்றாக வேலை செய்தாலும் தட்ட வேண்டும்.

"ஏன் டீச்சர்?" என்று ஒரு மாணவர் கேட்டார். அவர் ரூபாய் மாற்ற வந்து, வெட்கத்தில் அப்படியே சேர்ந்துவிட்டவர்.

"தட்டாம பேசறவங்க வெறுமனே பேசறவங்க. தட்டிட்டுப் பேசறவங்கதான் பேச்சாளர்," என்றார் குணவதி.

இரண்டாம் வாரம் விளிப்பு தொடங்கியது. குணவதி கரும்பலகையில் ஒரு கோடு கிழித்தார். "பேச்சுக்கு ரெண்டு பாகம் உண்டு. ஒண்ணு விளிப்பு. இன்னொண்ணு மத்தது. மொதல்ல விளிப்ப பாப்போம்."

மூன்றாம் வாரமும் விளிப்பைப் பார்த்தார்கள். நான்காம் வாரமும். டத்தோ, டத்தோவின் மனைவியான டத்தின், துவான், புவான், கோயில் தலைவர், தேவாலயத் தலைவர், முன்னாள் தலைவர், முன்னாள் தலைவரின் துணைவியார், தலைவராகப் போகிறவர் என்று யாரை எவருக்குப் பின்னால் அழைப்பது என்பதே ஒரு கடலாக இருந்தது.

"வெறும் பேரச் சொல்லிக் கூப்புடறது போலீஸ் டேசன்ல," என்று கண்டித்தார் குணவதி. "மேடையில அவரு என்ன செஞ்சாருன்னு சொல்லணும். அப்புறம் பேரு. அப்புறம் 'அவர்களே'. செயல், பேரு, அவர்களே. சொல்லுங்க."

"செயல், பேர், அவர்களே," என்றது வகுப்பு.

விளிப்புக்கு மன்றத்தில் மீற முடியாத விதிகள் இருந்தன. ஒவ்வோர் 'அவர்களே'க்கும் கூட்டம் கைதட்ட வேண்டும். பேச்சாளரின் மூன்று நிமிடம் விளிப்பு முடிந்த பிறகுதான் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளிப்பின் நடுவே மணி அடிக்கவே கூடாது. நேரக் காப்பாளர் டெரன்ஸ் ஒரு முறை அப்படி அடித்துவிட்டதில் ஒரு பிரமுகரின் பெயர் பாதியில் நின்றுபோனது. அவர் பாதிப் பெயரோடு வீடு போய்ச் சேர்ந்தார். அவர் தருவதாகச் சொல்லியிருந்த ஏர்கோண்ட் அதற்கப்புறம் வரவேயில்லை. வகுப்பில் எல்லாரும் வியர்த்துக்கொண்டிருந்ததால் இந்த வரலாறு யாருக்கும் மறக்கவில்லை.

மோனிக்கா டோபிக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பயிற்சி செய்தாள். இயந்திரங்கள் வரிசையாகத் தன்னையே பார்த்து வட்டக் கண்களோடு உட்கார்ந்திருந்தது வசதியாக இருந்தது.

"நேற்றுப் பெய்த மழையிலும் அயராமல் கம்பளி துவைத்த மதிப்பிற்குரிய ஏழாம் நம்பர் அவர்களே! பாதியில் நின்று சோப்பு நுரையோடு கதவைத் திறந்த மூன்றாம் நம்பர் அவர்களே!"

சுழன்றுகொண்டிருந்தவை தடதடவென்றன. அது அவளுக்குக் கைதட்டல் போலவே கேட்டது. சில நாளில் அவள் குரல் இரைச்சலைத் தாண்டி வாசலுக்கு வர ஆரம்பித்தது. பக்கத்துக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் வறுப்பவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தபடி போனார்.

ஏழாம் வாரம் அறம். அதைத் தலைவரே நடத்துவதாக ஏற்பாடு. எட்டு மணி வகுப்புக்கு டத்தோ பத்து மணிக்கு வந்தார். மைக்கைத் தட்டினார்.

"பேச்சாளனுக்கு முதல் அறம், பிறர் நேரத்தைத் திருடாமை. இதை நான் பத்தாயிரம் மேடைகளில் இரண்டிரண்டு மணி நேரம் விளக்கியிருக்கிறேன். இரண்டாவது அறம், மிகைப்படுத்தாமை. இங்கே கூடியிருக்கும் ஆயிரக்கணக்கான..." என்று பதினொரு பேரையும் இடமிருந்து வலமாகப் பார்த்தார். "மூன்றாவது அறம், கேட்பவரை மதித்தல். இதைப் பற்றி இரத்தினச் சுருக்கமாகச் சொல்லி அமர்கிறேன்."

மதிய உணவு நேரம் தாண்டியபின் அமர்ந்தார். எல்லாரும் எழுந்து நெஞ்சில் கை வைத்து, உண்மையே பேசுவோம், சுருங்கப் பேசுவோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழி ஆறு பக்கம் இருந்தது.

கடைசி வாரம் மோனிக்கா, தான் பேசப்போவதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குணவதி படித்தார். முகம் மாறியது. தாள் டத்தோவிடம் போனது.

"என்னம்மா இது?" என்றார் டத்தோ வருத்தத்தோடு. "விருந்தாளிய வீட்டுக்குக் கூப்புட்டுட்டு ஓட்ட வீட்டக் காட்டறதா? குறை சொல்றது அறமாம்மா? நீ 'தலைவரின் தொண்டுகள்'னு பேசு. சொல்லரசி எழுதித் தருவாங்க."

"நீங்க..." என்று மோனிக்கா ஆரம்பித்தாள். "குறுக்க நிக்க மாட்டேன்னு..."

"நான் எங்கம்மா நிக்கிறேன்? அறம் நிக்குது." டத்தோ டெரன்ஸ் பக்கம் திரும்பினார். "டெரன்ஸ், யாராவது எழுதிக் குடுத்தத விட்டு வெளிய போனா உடனே மணிய அடி. மூணு நிமிசமெல்லாம் பாக்காத."

அன்று மாலை அமலம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாம் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தால் கடலும் பாலமும் தெரியும். தாம் இல்லாமலே எல்லாரும் எங்கெங்கோ போய்க்கொண்டிருப்பதும் தெரியும். மகள் நடந்ததைச் சொன்னாள். அமலம்மாள் இந்த முறை ஏசவில்லை.

"போவட்டும் விடு," என்றார். "இந்த வருசமும் டிவியிலயே பாத்துக்கறேன்."

ஏச்சை எதிர்பார்த்து நின்ற மோனிக்கா, ஒரு நாற்காலியை இழுத்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் பேசத் தொடங்கும்போதே பாதி கூட்டம் மீகூன் தட்டோடு இருந்தது. முதல் வரிசையில் புவான் நூருல் உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாதவர், ஆனாலும் 'அவர்களே' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் மரியாதைக்குக் கைதட்டினார். அவருக்குப் பக்கத்தில் மணியோடு டெரன்ஸ். மோனிக்காவின் கையில் குணவதி எழுதிக்கொடுத்த தாள்.

அவள் எழுந்தாள். சேலையைச் சரிசெய்தாள். மைக்கைத் தட்டினாள். மேடையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் விளித்தாள். டத்தோவின் தொண்டுகளைச் சொன்னாள், டத்தினின் தொண்டுகளைச் சொன்னாள், சொல்லரசியை, முன்னாள் தலைவரை, சேலைக் கடை முதலாளியை. கூட்டம் தட்டியது. மேடையில் ஆள் தீர்ந்தது.

இனி விளிப்பை முடிக்க வேண்டும். முடித்த மறுநொடி டெரன்ஸின் நேரம் தொடங்கும். அவர் விரல் மணியின் மேல் காத்திருந்தது. மோனிக்கா அந்த விரலைப் பார்த்தாள். அவள் மூச்சை இழுத்தபோது, டோபிக் கடையில் பழகிய வாய் தானாகவே திறந்தது.

"சீனப் பெருநாளுக்கு மறுநாள் நின்று, இன்றுவரை நின்ற இடத்திலேயே நிற்கும் மதிப்பிற்குரிய செரோஜா பிளாட் மின்தூக்கி அவர்களே!"

கூட்டம் தட்டியது. டெரன்ஸ் விரலைத் தூக்கினார்; பிறகு ஏர்கோண்டை நினைத்துக் கீழே வைத்தார். விளிப்பு இன்னும் முடியவில்லை.

"அதற்கும் முன்பே காலமாகி, வாசலில் துணி காயும் பழைய மின்தூக்கி அவர்களே! பன்னிரண்டாம் மாடி என்று சொன்னாலே போனை வைத்துவிடும் கேஸ்காரர் அவர்களே! என் அம்மாவை நாற்காலியோடு இறக்கி, இடுப்புப் பிடித்து, வேலைக்கு லீவு போட்ட தயாளன் அண்ணன் அவர்களே!"

"டெரன்ஸ்!" என்று பல்லைக் கடித்தார் டத்தோ.

"விளிப்பு டத்தோ," என்றார் டெரன்ஸ் பரிதாபமாக. "அடிக்கக் கூடாது. உங்க ரூல்."

"அப்பா டியா சாக்காப்?" என்று மலாயில் கேட்டார் புவான் நூருல், அவள் என்ன பேசுகிறாள் என்று. டெரன்ஸுக்குக் கைவசம் வேறு வேலை இல்லை. ஒவ்வொரு விளிப்பையும் மலாயில் அவர் காதில் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒரு முறைகூட அந்தப் படியில் ஏறாமலே, படிகள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று ஆண்டுக் கூட்டத்தில் அறிவித்த நிர்வாகக் குழுத் தலைவர் டத்தோ மோகனராஜ் அவர்களே!"

இதற்குத்தான் அன்றைய மிகப் பெரிய கைதட்டல். டத்தோவும் பழக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்.

"சாமியைப் பார்க்கச் சாமி மாதிரி போக மாட்டேன் என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் அம்மா அமலம்மாள் அவர்களே!" மோனிக்கா தாளை மடித்தாள். "உங்கள் அனைவருக்கும் வணக்கம்."

டெரன்ஸ் கடிகாரத்தை அமுக்கினார்.

"நன்றி," என்று சொல்லி மோனிக்கா உட்கார்ந்துவிட்டாள்.

புவான் நூருல் எழுந்தார். பேசுவதற்கு யாரும் அவரை இன்னும் விளிக்கவில்லை; மைக்கையும் தட்டவில்லை. உட்கார்ந்த இடத்தில் நின்றபடியே மலாயில் கேட்டார். "அந்த லிப்ட்டா? அது மார்ச் மாசமே லூலுஸ் ஆயிடுச்சே! நாங்க அனுமதி குடுத்தாச்சு. டத்தோ கையெழுத்துப் போட்டா மறுநாளே ஆள் வருவாங்க."

மீகூன் மெல்லும் சத்தம்கூட நின்றது. டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"உண்மைதான். நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு மின்தூக்கியைச் சும்மா ஓடவிட முடியுமா? திறப்பு விழா வேண்டாமா? மேடை வேண்டாமா? நல்ல பேச்சாளர்கள் நான்கு பேரின் தேதி ஒத்துவர வேண்டாமா? நாளைக்கே ஓட ஆரம்பித்துவிட்டால், பிறகு யார் வந்து கேட்பார்கள்? எல்லாரும் மேலே போய்விடுவார்களே!"

புவான் நூருல் கைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார்.

மோனிக்காவுக்கு மதிப்பெண் தாள் கொடுத்தார்கள். குணவதி நேர்மையானவர். 'விளிப்பு: முழு மதிப்பெண். பேச்சு: இல்லை' என்று எழுதியிருந்தார்.

இரண்டு நாளில் ஐமான் என்ற மெக்கானிக் வந்து, காலையில் மேலே ஏறி, மதியத்துக்குள் மின்தூக்கியைச் சரிசெய்துவிட்டான். ஆனால் திறப்பு விழா வரைக்கும் யாரும் ஏறக் கூடாது என்று டத்தோ கீழ்த்தளத்து வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிவைத்தார். நான்கு பேச்சாளர்களின் தேதியும் ஒத்துவந்த நாள், அன்னம்மாள் திருநாள் ஞாயிற்றுக்கிழமை.

காலை ஒன்பது மணிக்கு விழா. ஒன்பதரைக்கு புக்கிட் மெர்தாஜாம் வேன். விளிப்பில் முழு மதிப்பெண் வாங்கிய தலைசிறந்த மாணவி என்பதால் கத்தரிக்கோல் தட்டை ஏந்தும் பொறுப்பு மோனிக்காவுக்கு. டத்தோ பத்து மணிக்கு வந்து மைக்கைத் தட்டினார். பந்தலுக்கு வெளியே வேன் ஓட்டுநர் செபாஸ்டியன் ஹாரனை அமுக்கிக்கொண்டேயிருந்தார்.

"அண்ணே, இன்னும் அஞ்சு நிமிசம்," என்று மோனிக்கா வாயசைத்தாள்.

"அஞ்சு நிமிசமா? இன்னும் டத்தினையே கூப்புடலையே லா!" என்று கத்தினார் அவர். "எல்லாரும் ஏறிட்டாங்க. உங்கம்மா ஒருத்திதான் பாக்கி. பூசை ஆரம்பிச்சிரும்!"

டத்தோ விளித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி பன்னிரண்டாம் மாடிக்கும் கேட்கிற மாதிரி அலறியது. அவருக்குப் பின்னால், மின்தூக்கி வாசலுக்கு மேலே, இத்தனை மாதம் இருண்டு கிடந்த சின்னக் கண்ணாடியில் 12 என்று ஒரு சிவப்பு எண் எரிந்தது.

மோனிக்கா அதைப் பார்த்தாள். 11 ஆனது. 10 ஆனது. தயாளன் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து அவர் மனைவி பார்த்தார். மூன்றாவது 'அவர்களே'க்குக் கைதட்டல் குறைந்தது. ஐந்தாவதற்கு டெரன்ஸ் மட்டும் தட்டினார், அவரும் எண்ணைப் பார்த்தபடியே. 7. 6. 5. பிறகு 3A வந்தது. சீனர்களுக்கு ஆகாத எண் என்பதால் நான்கு அந்தக் கட்டடத்தில் கிடையாது. 3. 2.

"சமுதாயத்தை மேலே தூக்கிவிடுவதற்காகவே தம்மை..." என்று டத்தோ அடுத்தவரைத் தொடங்கியபோது, அவருக்குப் பின்னால் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

உள்ளே நீலச்சேலையில், தலையில் முக்காடும் கையில் ஜெபமாலையுமாக அமலம்மாள் நின்றுகொண்டிருந்தார். மார்பு உயரத்தில் ரிப்பன் மறித்தது. அவர் அதைப் பார்த்தார். மோனிக்கா என்ன செய்கிறோம் என்று தெரியாமலே தட்டை நீட்டினாள். அமலம்மாள் கத்தரிக்கோலை எடுத்தார், ரிப்பனை வெட்டினார், கத்தரிக்கோலைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

கூட்டம் ஒரு பெரிய ஏச்சுக்காகத் தயாரானது. சௌரஸ்தாவில் பஸ்ஸை நிறுத்திய வாய். தயாளன் தன் மகனின் காதைப் பொத்தினார். டத்தோவுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. புரியாதபோது அவர் செய்யும் ஒரே காரியத்தைச் செய்தார். மைக்கை நீட்டினார்.

"அம்மா... ரெண்டு வார்த்த..."

அமலம்மாள் மைக்கைப் பார்த்தார். டத்தோவை, இடமிருந்து வலமாக, முழுதாகப் பார்த்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு தடியை ஊன்றி, நாற்காலிகளுக்கு நடுவே, சமதரையில், யார் தோளிலும் ஏறாமல் நடந்துபோய், ஒரு வார்த்தை பேசாமல் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.